மண்ணெண்ணெய் விளக்கு தந்த மருந்து

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் பலர் கண்முன் தோன்றுவது என்ன? வானளாவும் கட்டடம், விலை உயர்ந்த கருவி, கொட்டிக் குவித்த பணம்! ஏழைகள் படுத்திருக்கும் அரசு மருத்துவமனைக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குக் கல்கத்தா சொல்லும் பதிலை எடுத்துக் காட்டுவோம்.

காலா அசார் என்பது ஒரு கொடிய காய்ச்சல். வாரக்கணக்கில் உடல் காயும், மண்ணீரல் வீங்கி வயிறு பானையாகும், கைகால் குச்சியாகும், மேனி கறுக்கும். சிகிச்சை இல்லையேல் 100 பேரில் 90-க்கு மேற்பட்டோர் மடிவர். அசாமிலும் வங்கத்திலும் ஊர் ஊராகச் சூறையாடிய நோய் அது. செத்தவன் யார்? உழுதவன்; தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவன்! தலைவிதி என்றனர், தெய்வக் குற்றம் என்றனர். பூசை நடந்தது. காய்ச்சல் போயிற்றா? இல்லை, உயிர்தான் போயிற்று!

1903-ல், சென்னைப் பொது மருத்துவமனை மருத்துவர் டோனவன், நோயாளியின் மண்ணீரலில் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவரும் அதைப்பற்றி எழுதினார். இருவர் பெயரும் கிருமிக்குச் சூட்டப்பட்டன. எதிரி யாரென்று தெரிந்தது. வீழ்த்த ஆயுதம்?

அதைத் தந்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையின் மருத்துவர், இரசாயனமும் கற்றவர். அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் எது தெரியுமா? ஒரு சிற்றறை! குழாய்த் தண்ணீர் இல்லை, மின்விளக்கு இல்லை, புகை கக்கும் மண்ணெண்ணெய் விளக்குதான் துணை! முன்பு இருந்த ஆன்டிமனி ஊசி, மாதக்கணக்கில் போடவேண்டியது, வேதனை மிக்கது. அவரோ ஆன்டிமனியையும் யூரியாவையும் இணைத்து, 1920-களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கினார். மாதங்கள் வாரங்களாயின. சாவு ஓலை வந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்!

மருந்து கண்டேன், மாலை போடுங்கள் என்று அமர்ந்துவிட்டாரா? இல்லை. குணமானவர்களையும் கவனித்தார். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தோலில் தடிப்புகள் தோன்றுவதையும், அங்கே அதே கிருமி ஒளிந்திருப்பதையும் 1922-ல் எடுத்துக்காட்டினார். மலேரியா, யானைக்கால், தொழுநோய் என்று ஏழையை வாட்டிய நோய் பலவற்றையும் ஆராய்ந்தார். 1929-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; பரிசு வரவில்லை. ஆனால் பிழைத்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததே, அதைவிடப் பரிசு வேறு உண்டா?

இன்று அந்த மருந்தின் இடத்தில் மேலான மருந்துகள் வந்துவிட்டன. அறிவின் இயல்பு அது. 2023-ல், காலா அசாரை மக்களை அச்சுறுத்தும் நோய் என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக வங்கதேசத்தை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தோழர்களே! பொது மருத்துவமனை, மாத்திரை வாங்கும் வரிசை மட்டுமல்ல. அறிவு விளையும் வயல். அங்கே பணியாற்றும் மருத்துவருக்கு ஆராய நேரம் வேண்டும், இடம் வேண்டும், கருவி வேண்டும். நோயாளியைச் சோதனை எலியாக்காமல், அவன் சம்மதம் பெற்று நடக்கும் ஆராய்ச்சி வேண்டும். இருட்டறையில் ஒருவர் இவ்வளவு சாதித்தார் என்று பெருமைப்படுவோம். ஆனால், இருட்டறையே போதும் என்று எவரேனும் சொன்னால் ஏற்கமாட்டோம். விளக்கைக் கேட்போம்! ஏழையின் உயிருக்காகக் கேட்போம்!