டிராக்கில் டாக்டர் இருக்கிறார், கூண்டில் யார்? பிரிட்டன் கிரேஹவுண்ட் ரேஸ் விதிகள் என்ன சொல்கின்றன?

ஆறு நாய்கள், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும் வேகம், முன்னால் பறக்கும் பொம்மை முயல். சுமார் அரை நிமிடத்தில் ரேஸ் முடிந்துவிடும். 1926-ல் மான்செஸ்டரின் பெல் வியூ மைதானத்தில் தொடங்கி பிரிட்டன் முழுக்கப் பரவிய கிரேஹவுண்ட் பந்தயம் இதுதான். அந்த அரை நிமிடத்துக்கு இங்கிலாந்தில் தெளிவான சட்டம் இருக்கிறது. மீதி நேரத்துக்கு?

விதிகள் ஏன் வந்தன?

2006-ல் 'சண்டே டைம்ஸ்' வெளியிட்ட ஒரு செய்தி நாட்டையே அதிரவைத்தது. ரேஸுக்கு உதவாத நாய்களை, வடகிழக்கு இங்கிலாந்தின் சீஹம் ஊரில் ஒருவர் கொன்று தன் நிலத்தில் புதைத்துவந்தார். 15 ஆண்டுகளில் இப்படிச் செத்தவை 10,000 வரை இருக்கலாம் என்றது அந்தச் செய்தி. அவருக்குக் கடைசியில் அபராதம் விழுந்தது, ஆனால் கொன்றதற்காக இல்லை. அனுமதி வாங்காமல் கழிவைப் புதைத்ததற்காக!

இதையடுத்து விசாரணைகள் நடந்தன. 2010 ஏப்ரலில் இங்கிலாந்தில் ரேஸ் நாய்களின் நலனுக்கான விதிகள் அமலுக்கு வந்தன.

என்னென்ன கட்டாயம்?

• டிராக் நடத்த உள்ளாட்சி அமைப்பின் லைசென்ஸ் வேண்டும். அல்லது அங்கீகாரம் பெற்ற ரேஸ் அமைப்பின் கீழ் இயங்க வேண்டும்.

• ரேஸ் நடக்கும்போது கால்நடை மருத்துவர் அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாயையும் ஓடுவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். அவர் 'ஃபிட் இல்லை' என்றால் அந்த நாய் ஓடக் கூடாது.

• ஒவ்வொரு நாய்க்கும் மைக்ரோசிப், காதில் பச்சை குத்திய அடையாளம்.

• டிராக்கில் உள்ள கூண்டுகளில் காற்றோட்டம், வெப்பநிலைக் கட்டுப்பாடு.

• காயம் ஏற்பட்டால் பதிவு செய்து, அந்த ஆவணத்தை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை?

எல்லாமே டிராக்கைச் சுற்றியே இருக்கின்றன. அதுதான் பிரச்சினை. ஒரு ரேஸ் நாய் தன் நேரத்தில் சுமார் 95 சதவீதத்தைப் பயிற்சியாளரின் கூண்டுகளில்தான் கழிக்கிறது. இதை 2016-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே சுட்டிக்காட்டியது. இனப்பெருக்கம், பயிற்சியாளரின் கூண்டு, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை ஆகிய மூன்றையும் 2010 விதிகள் தொடவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. காயங்களைப் பதிவு செய்யச் சொன்ன சட்டம், அதை வெளியிடச் சொல்லவில்லை. எத்தனை நாய்கள் அடிபட்டன, எத்தனை செத்தன என்று பொதுமக்களுக்குத் தெரியாது. பந்தயத்தை நிர்வகிக்கும் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் 2018-ல்தான் ஆண்டுக் கணக்கை வெளியிடத் தொடங்கியது.

கணக்கு என்ன சொல்கிறது?

2024-ல் வாரியத்தின் டிராக்குகளில் 3,809 காயங்கள், 123 மரணங்கள். மொத்த ஓட்டங்களில் காயம் 1.07 சதவீதம்தான், இதுவரை இதுவே குறைவு என்கிறது வாரியம். ஒரு நாய் ஒரே ஒரு தடவை ஓடுவதில்லையே என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடும்போது ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

டிராக்கின் அமைப்பும் ஒரு காரணம். முழு வேகத்தில் வந்து இடப்பக்கம் திரும்பும்போது வலது பின்னங்காலின் மூட்டு எலும்புகளில் பாரம் இறங்குகிறது. முதல் வளைவில் நாய்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மருத்துவர் பக்கத்திலேயே நின்றாலும் இதைத் தடுக்க முடியாது.

ஓய்வு பெற்ற நாய்கள்?

2020-ல் வாரியம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடக்கத்தில், நாயைப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு ஒதுக்கப்பட்டது. உரிமையாளர் பாதி, வாரியம் பாதி. நாய் ஓய்வு பெற்றதும் புதிய வீடு தேடித்தரும் காப்பகத்துக்கு அந்தப் பணம் போகும். ஆனால், இது வாரியம் தானாகக் கொண்டுவந்த ஏற்பாடு, சட்டம் அல்ல.

அடுத்து என்ன?

நியூசிலாந்து 2024 டிசம்பரில், 20 மாத அவகாசம் கொடுத்து பந்தயத்தையே முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசும் தடையை அறிவித்தது. அதே மாதம், தடை விதிக்கும் திட்டமே இல்லை என்றது பிரிட்டன் அரசு.

இங்கிலாந்தில் பந்தயம் தொடரும் என்றால், அடுத்த கேள்வி அந்த 95 சதவீத நேரத்தைப் பற்றியது. அதற்குச் சட்டம் வரும்வரை, நாயின் கதி பயிற்சியாளரின் மனசைப் பொறுத்ததுதான்.