வாசலில் நின்ற ஏழு மாதம்
2025 செப்டம்பர் 8, பின்னிரவு 1.30 மணி. தெலுக் இந்தான் வீட்டு வாசலில் ஏழு மாத வயிற்றோடு செம்பு நிற நிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உள்ள வாம்மா, பிள்ளைக்கு உதடு பிளந்துடும்!” ஜன்னலுக்குள்ளிருந்து அம்மா கெஞ்சினார். சாப்பாட்டில் தர்ப்பை போட்டாயிற்று, கத்தியையும் ஒளித்தாயிற்று.

நிலா நம்மூரில் செய்வது வேறு. பௌர்ணமி, அமாவாசைக்குக் கடல் பொங்கி பேராக் ஆற்றில் ஏறும். அதற்கு வேண்டுமானால் பயப்படலாம்.

அம்மாவைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை. தோட்டத்தில் அவருடைய தோழிக்கு உதடு பிளந்த பிள்ளை பிறந்தது. “கிரகணத்தில் வெளியே போனவள்” என்று கடைசிவரை பழித்தார்கள். உதடு உருவாவது கர்ப்பத்தின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். பூமியின் நிழலுக்கு அதில் வேலையே இல்லை. அந்தம்மா ஒரு தப்பும் செய்யவில்லை.

இதை ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். பதில் இல்லை. 2.53-க்கு நிலாவின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று. அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.