நிருதி லிங்கம் தாண்டியதும்

திருவண்ணாமலை கிரிவலத்தில் என் அக்கா மகன் உட்கார்ந்துவிட்ட இடம் நிருதி லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பௌர்ணமி இரவு, சாலை கொள்ளாமல் வெறுங்கால்கள். "நாலு லிங்கம் ஆச்சா மாமா?" என்றான். ஆச்சு என்றேன். "இன்னும் நாலா!" என்று சொல்லிவிட்டு சுக்குக் காப்பிக் கடை பெஞ்சில் சரிந்தான். அவன் போனில் சார்ஜ் போயிருந்தது. அம்மா போனைப் பிடுங்கி கேண்டி கிரஷ் ஆட ஆரம்பித்தான். ஐந்து லைஃபும் தீர்ந்த பிறகுதான் எழுந்தான், அதுவும் வேறு வழியில்லாமல்.

குபேர லிங்கத்துக்கு அப்பால் அதே பையனைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

படக்கதையும் வீடியோ கேமுமாக வளர்ந்தவன் நான். புண்ணியக் கணக்கு அக்காவுக்கு. எனக்கு மண்டையைக் குடைந்தது இந்தக் கணக்குதான். அதே கால், அதே தார்ச்சாலை, முன்னைவிடக் கூடுதல் வலி. வேகம் மட்டும் எங்கிருந்து வந்தது?

1930-களில் கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர் நீளமான ஒரு பாதையின் கோடியில் தீனியை வைத்து எலிகளை ஓடவிட்டார். தீனியை நெருங்க நெருங்க ஓட்டம் கூடியது. மனிதர்களிடம் இதைச் சோதிக்கத் தீனி வேண்டாம், அட்டை போதும். 2006-ல் ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, கார் கழுவும் கடை ஒன்றில் நடந்தது. 300 அட்டைகள். பாதி அட்டைகளில் எட்டுக் கட்டம். ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஒரு முத்திரை, எட்டும் நிரம்பினால் அடுத்தது இலவசம். மீதி அட்டைகளில் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முத்திரையைக் குத்தியே கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் பாக்கி எட்டுதான். எட்டுக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம். 'ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று' என்ற நினைப்போடு பத்துக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 34 சதவீதம்.

கேம் செய்கிறவர்களுக்கு இது கைவந்த கலை. பெரும்பாலான மொபைல் கேம்களில் முதல் லெவலில் தோற்கவே முடியாது. கையைப் பிடித்து ஆடவைத்து, காசும் நட்சத்திரமும் கொட்டி, முன்னேற்றக் கோட்டில் பத்தில் ஒரு பங்கை நிரப்பிக் காட்டுவார்கள். நாம் ஒன்றும் செய்திருக்க மாட்டோம். ஆனாலும் பாதியில் விட மனசு வராது.

சரி, நடுவில் ஏன் கால் பின்னுகிறது? காலி பையில் ஒரு கிலோ வெங்காயம் போட்டால் கைக்குத் தெரியும்; மூட்டையோடு ஒரு கிலோ சேர்த்தால் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வேபர் கண்டது இதைத்தான்: புலன் அளப்பது கூடியதை மட்டுமல்ல, இருந்ததோடு ஒப்பிட்டு எவ்வளவு கூடியது என்பதை. இதைப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கிலோமீட்டரை முடிக்கும்போது நடந்த தூரம் இரட்டிப்பாகிறது. பதின்மூன்றாவதை முடிக்கும்போது பாக்கி இரண்டிலிருந்து ஒன்றாகிறது, சரிபாதி. நடுவில்? ஏழு நடந்தாயிற்று, ஏழு பாக்கி. எட்டாவதை முடித்தால் நடந்ததில் ஏழில் ஒரு பங்கு கூடும், பாக்கியில் ஏழில் ஒரு பங்கு குறையும். முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் அற்பம். 2011-ல் ஆண்ட்ரியா பொனெஸ்ஸியும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த நடுத் தொய்வைச் சோதனைகளில் காட்டினார்கள். சுக்குக் காப்பிக் கடைக்காரருக்கு அது முன்பே தெரியும் போல. பெஞ்சைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்.

இங்கேதான் அஷ்ட லிங்கங்கள் வருகின்றன. இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் ஒன்று. முன்னோர்கள் அன்றே உளவியல் படித்திருந்தார்கள் என்று வாட்ஸ்அப் பாணியில் நான் அளக்கப்போவதில்லை. அவை திக்குப் பாலகர்களுக்காக இருப்பவை. ஆனால் நடக்கிறவனின் மூளைக்கு அவை செய்யும் வேலை வேறு. ஒரு பெரிய நடுவை எட்டுச் சின்ன முடிவுகளாக உடைத்துக் கொடுக்கின்றன. "ராஜகோபுரம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வழியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அடுத்து வருண லிங்கமா?" என்றுதான் கேட்கிறார்கள். போதாததற்கு குபேர லிங்கத்துப் பக்கம் இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்துச் சின்ன வாசல்கள் வழியாக நெளிந்து வெளியே வர வேண்டும். கேம் ஆடுகிறவன் பார்வையில் சொன்னால், அசல் போனஸ் லெவல்.

படக்கதைக்காரர்கள் இதையே தலைகீழாகச் செய்தார்கள். முடிவைக் கொடுக்காமல், முடிவுக்கு ஓரடி முன்னால் அறுத்தார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடரின் நாயகன். ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். வாரத் தொடரில் ஒவ்வொரு வாரமும் உயிர் ஊசலாடும் இடத்தில் நின்றால்தான் அடுத்த இதழ் விற்கும். அப்படிப்பட்ட தொடர்களை முழுப் புத்தகமாகப் படிக்கும்போது, சில பக்கங்களுக்கு ஒருமுறை கதை மூச்சடைத்து நிற்பது அதனால்தான். சின்ன வயதில் அதை வேகம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது தையல் தடம்.

அறுப்பதற்கு நம்மூர் உச்சம் 'கன்னித்தீவு'. 1960-ல் தினத்தந்தியில் தொடங்கியது. சிந்துபாத்தும் லைலாவும் இன்னும் கரை சேரவில்லை. முடியாத எதற்கும் அதன் பெயரையே வைத்துவிட்டோம். கோர்ட்டு கேஸுக்கும் மெகா சீரியலுக்கும் அதே பட்டம்.

அறுபட்டது ஏன் இழுக்கிறது? பெர்லினில் குர்ட் லெவினின் மாணவி புளூமா ஸைகார்னிக், பாதியில் நிறுத்திய வேலைதான் அதிகம் நினைவில் நிற்கிறது என்று 1927-ல் எழுதினார். புகழ் அவருக்குத்தான். ஆனால் பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அவருடன் இருந்த மரியா ஒவ்ஸ்யான்கினாவின் 1928 சோதனை அவ்வளவு பேர் வாங்கவில்லை, ஆனால் அதுதான் நின்றது. வேலையை நடுவில் நிறுத்தி, ஆட்களைச் சும்மா விட்டார். யாரும் சொல்லாமல், கூலி எதுவும் இல்லாமல், பெரும்பாலானவர்கள் அதே வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள்.

கேண்டி கிரஷ் இரண்டையும் முடிந்துவைத்திருக்கிறது. வளைந்து போகும் பாதையில் லெவல் லெவலாகச் சின்ன முடிவுகள், நம் லிங்கங்கள் மாதிரியே. தோற்றால் அறுப்பு: ஐந்து லைஃப், போன ஒவ்வொன்றும் திரும்பி வர 30 நிமிடம். ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் எனக்கு உறுத்துகிறது: 2012-ல் வந்த அந்த கேமில் லெவல்கள் பத்தாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டன, இன்னும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஈசான்யத்துக்கு அப்புறம் ஒன்பதாவது லிங்கம் கிடையாது.

ஊருக்குள் திரும்பி, 217 அடி ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் பையன் கிட்டத்தட்ட ஓடினான். அக்கா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு நிமிர்வதற்குள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அஞ்சு லைஃபும் வந்திருக்கும். போனைக் குடு."