மழுங்கின கத்தி

உங்கள் வீட்டில் எத்தனை கத்திகள் இருக்கின்றன?

"இரண்டு" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சற்றுப் பொறுங்கள். அரிவாள்மணை ஒன்று. அதன் நுனியில் இருக்கும் தேங்காய் துருவி ஒன்று. காய் நறுக்கும் கத்தி பெரிதும் சின்னதுமாய் இரண்டு. தோல் சீவி ஒன்று. தையல் பெட்டியில் ஒரு கத்திரி. கொல்லைப்புறத்துச் சுவர் இடுக்கில் வாழை இலை அறுக்க ஒரு கொடுவாள். மிக்ஸியின் மூன்று ஜாடிகளுக்குள்ளும் மூன்று. ஆக, கணக்கு பத்தை எட்டிவிட்டது. இந்தப் பத்தில் கூராக இருப்பவை எத்தனை என்று அடுத்த கேள்வி கேட்டால், அநேகமாக எல்லா வீடுகளிலும் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும்: சிறு முறுவல், அப்புறம் மௌனம்.

கூரான கத்தி ஆபத்து என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. குழந்தைகள் நடமாடும் இடமாயிற்றே, கொஞ்சம் மழுங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாமியாரும் மருமகளும் ஒருமனதாக முடிவு செய்யும் அபூர்வ விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நடப்பது என்ன? நன்றாகப் பழுத்த தக்காளியை எடுத்துக் கொள்ளுங்கள். கூரான கத்தி அதன் தோலில் பட்ட மாத்திரத்தில் உள்ளே இறங்கிவிடும். கைக்கு வேலையே இல்லை. மழுங்கின கத்தியோ தோலின் மேல் வழுக்கும். உடனே நாம் அழுத்துகிறோம். இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம். அழுத்திய வேகத்தில் கத்தி எந்தப் பக்கம் சறுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நம் இடது கைக் கட்டை விரல் இருக்கும். இதிலே இன்னொரு கொடுமையும் உண்டு. கூரான கத்தி பட்ட காயம் நேர்க்கோடாக இருக்கும், சீக்கிரம் கூடிவிடும். மழுங்கின கத்தி சதையைக் கிழிக்கும், ஆற நாளாகும்.

ஆகவே, பயப்பட வேண்டியது கூருக்கு அல்ல, மழுங்கலுக்கு.

இதைச் சேலத்துக்காரர்களிடம் போய்ச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமானம்தான். அந்தச் சீமையின் மண்ணே இரும்பு மண். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை இருக்கிறதே, சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் கூட்டம் கூடுமே, அந்த மலை முழுக்கக் காந்தக் கல். அதாவது, காந்தம் ஒட்டும் இரும்புத் தாது. அதை உருக்கி, வந்த இரும்புத் துண்டைச் சின்ன மண் மூசைக்குள் போட்டு, கூடவே ஆவாரங்கட்டையும் எருக்க இலையும் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, துருத்தி கொண்டு ஊதி எஃகாக்குவார்களாம். ஆவாரங்கட்டையும் எருக்க இலையும் ஏதோ பச்சிலை வைத்தியம் மாதிரி தோன்றும். விஷயம் அதுவல்ல. கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்போடு சேர்ந்தால்தான் அது எஃகு. கரி ஏறாத இரும்பு ஆணிக்கு ஆகும், கத்திக்கு ஆகாது.

இந்த முறையை எழுத்தில் பதிவு செய்து வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். நம்முடைய இரும்பைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையே தொடங்கினார். அதில் அவர் சம்பாதித்தது நஷ்டம். பிறகு ஊருக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்ப்பதற்கு 1839-இல் ஒரு காப்புரிமை பெற்றார். அதனால் ஷெப்பீல்டு நகரத்துக் கத்தி வியாபாரிகள் கொழித்தார்கள். அவருக்கு மிஞ்சியது கோர்ட் வழக்கு!

அதே நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்று ஒரு கைதேர்ந்த கொல்லர் இருந்தார். அவர் அடித்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டிகளையும் துரைமார்கள் தேடி வாங்கினார்கள். இன்றைக்கும் சீமை ஏலக் கடைகளில் அவர் பெயர் பொறித்த கத்திகள் வருவதுண்டு. இது ஒரு புறம். இன்னொரு புறம், பாறையைத் துளைத்துத் தண்ணீர் காண்பதற்கு நாடெங்கும் ரிக் வண்டிகளை அனுப்பும் திருச்செங்கோடும் இந்தப் பக்கத்து ஊர்தான். 1997-இல் சேலத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல்லைச் சேர்ந்தது. பாறையைத் துளைக்கிற ஊரில், அடுப்பங்கரையில் தக்காளி நறுக்க முடியவில்லை என்றால் என்ன சொல்ல!

எவர்சில்வர் வந்த கதை

அரிவாள்மணையின் இடத்தைப் பெரும்பாலான வீடுகளில் எவர்சில்வர் கத்தி பிடித்துக்கொண்டுவிட்டது. துருப் பிடிக்காத இந்த எஃகைக் கண்டவர் ஹாரி பிரியர்லி; இடம் அதே ஷெப்பீல்டு; ஆண்டு 1913. இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால் துரு அண்டாது. அந்த ஊர்க் கத்திக் கொல்லர்கள் முதலில் அவரை, 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர்' என்று கேலி செய்தார்கள். பிறகு கேலி செய்தவர்களே அதில் கத்தி செய்தார்கள்.

சேலம் உருக்காலைக்கு 1970-இல் அஸ்திவாரம் போட்டபோது ஊரார் கஞ்சமலை இரும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1981-இல் ஆலையிலிருந்து வெளிவந்ததோ எவர்சில்வர் தகடு. தட்டு, டம்ளர், தூக்குப் பாத்திரம் என்று அது நுழையாத வீடு இல்லை.

ஆனால் வாசகிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டுக்கு ஆகிற எவர்சில்வர் வேறு, கத்திக்கு ஆகிற எவர்சில்வர் வேறு. தட்டுக்கான ரகத்தைக் காய்ச்சி நனைத்துக் கடினமாக்க முடியாது. கூர் வைத்தாலும் ஒரு வாரத்தில் மடங்கிப் போகும். திருவிழாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில கத்திகள் இந்த ஜாதிதான். கண்டுபிடிக்க ஒரு யுக்தி உண்டு. கையோடு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டவே ஒட்டாவிட்டால் அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒட்டிவிட்டால் மட்டும் உயர்ந்த கத்தி என்று நினைத்துவிடக் கூடாது. நல்லதாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

வீட்டிலேயே தீட்டுவது

கடையில் தீட்டுக்கல் கிடைக்கிறது. ஒரு பக்கம் கரகரப்பு, மறு பக்கம் வழவழப்பு. கல் நகராமல் இருக்க, நான்காக மடித்த ஈரத் துணியின் மேல் வையுங்கள். கல்லில் தண்ணீர் தெளியுங்கள். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்து, அதன் முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஆரம்பத்தில் இருந்த சாய்வு கடைசி வரையில் மாறாமல் இருக்க வேண்டும். இதுதான் முழு ரகசியம். பலம் தேவையே இல்லை.

ஒரு பக்கத்தை அடிப்பாகத்திலிருந்து நுனி வரை மெதுவாகத் தேயுங்கள். சற்று நேரத்தில் மறு பக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே விரலை இலேசாக இழுத்துப் பார்த்தால் நெருடும். விளிம்பின் நீளத்தில் விரலை ஓட்டிவிடாதீர்கள்! பிசிறு எழும்பினால் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். மறு பக்கத்தைத் திருப்பிக் கொள்ளலாம். கடைசியில் வழவழப்பான பக்கத்தில் இருபுறமும் மாற்றி மாற்றி நாலைந்து தடவை. பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் தீர்ந்தது வேலை.

தீட்டுக்கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு வளையம் தெரியும். அவசரத்துக்கு அதில் நாலு தேய்ப்புத் தேய்க்கலாம். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்த வித்தைதான்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மிதித்துச் சக்கரம் சுற்றிக் கத்திக்கும் கத்திரிக்கும் சாணை பிடிப்பவர்கள் தெருவில் வருவது குறைந்துகொண்டே போகிறது. வந்தால் விட்டுவிடாதீர்கள். கத்திரியை வீட்டில் தீட்டுவது சிரமம். அவரிடம் கொடுப்பதே உத்தமம். ஆனால் கத்தி தீட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பொறி பறப்பது பார்க்க அழகு; கத்திக்கு அது உஷ்ணம். விளிம்பு வைக்கோல் நிறமாகி, அப்புறம் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. கொல்லர் உலையில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய கடினம், ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல சாணைக்காரர் கேட்காமலே நனைப்பார். அதே காரணத்தால், பிளாஸ்டிக் உறையை அறுக்கக் கத்தியை காஸ் அடுப்பில் காய்ச்சும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

அரிவாள்மணை இன்னும் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதன் அலகு பெரும்பாலும் பழைய ஜாதி எஃகு. கூர் பிரமாதமாக நிற்கும். ஈரம் மட்டும் ஆகாது. கொங்குச் சீமை வீடுகளில் இந்தச் சம்பாஷணையைக் கேட்கலாம்:

"ஏங்கண்ணு, அருவாமணைய ஈரத்தோட சாத்தி வெச்சிருக்கே?"

"இல்லைங்கத்தே, இதோ தொடச்சர்றனுங்க."

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பரமத்தி வேலூர் வாழைக்காயோ வாழைப்பூவோ அரிந்தால் அலகு கறுத்துப் போகும். அந்தக் காய்களின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது; துரு அல்ல, பயப்பட வேண்டாம். மாங்காய் அரிந்த பிறகு புளிப்பை அப்படியே விட்டுவைத்தால் அலகை அரித்துவிடும். கழுவி, துடைத்து, வாரம் ஒரு முறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். கொல்லிமலைப் பலாப்பழம் வந்தால் அரிவதற்கு முன்பே எண்ணெய் தடவிவிட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலகு மணையில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடுகிற அரிவாள்மணை மழுங்கின கத்தியைவிட மோசம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முதல் நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டால் பூஜைக்கும் பலன் உண்டு.

சுழலும் கத்தி

மிக்ஸிக்குள் இருப்பதும் கத்திதான். ஆனால் அதன் சுபாவம் வேறு. அது அறுப்பதைவிட அடிப்பதே அதிகம். நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று என்ற வேகம்தான் அரைக்கிறது. ஆகையால், சட்னி நைஸாக அரைபடவில்லை என்றவுடன் கத்தியை அரத்தால் ராவ வேண்டாம். ஒரு இறக்கையில் கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் எடை ஒரு பக்கம் சாயும், ஜாடி அதிரும், அடியிலுள்ள புஷ் தேய்ந்து போகும். ஏற்காட்டுப் பங்களாக்களின் புல்தரையில் ஓடும் புல் வெட்டும் இயந்திரத்தின் தகட்டுக்கும் இதே விதிதான். கல் உப்புப் போட்டு ஓட்டினால் கூர் ஏறும் என்கிறார்கள். இடுக்கில் ஒட்டிய பிசுக்குப் போகும். கூர் ஏறுவதாக நம்புவது மனத் திருப்திக்கு!

ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். கறுப்பாகத் தண்ணீர் கசிகிறதா? கத்தியைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் அசைகிறதா? அப்படியானால் புஷ் தேய்ந்துவிட்டது. அந்தக் கறுப்பு உங்கள் சட்னியிலும் கலந்து கொண்டிருக்கிறது. இனித் தள்ளிப் போடக் கூடாது. இறக்கை வளைந்திருந்தாலும் நுனி உடைந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

பல ஜாடிகளில் கத்தியை நாமே மாற்றலாம். ஜாடியை மிக்ஸி மேலிருந்து எடுத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மிக்ஸியின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தடித்த துணியால் கத்தியைப் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள கப்ளரை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் திருக வேண்டும். எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. ஓடும்போது மேலும் இறுகும்படியாகவே மரை வெட்டியிருப்பார்கள். ஆகவே, திருகிப் பொருத்திய கத்தி, அது சுழலும் திசையிலேயே திருகினால் கழலும். சாதாரணத் திருகாணி என்று நினைத்து எதிர்ப்பக்கம் முரட்டுத்தனமாகத் திருகி மரையைக் கெடுத்தவர்கள் அநேகம். கம்பெனி கொடுத்த தாள் இருந்தால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். புதுக் கத்தியோடு அடி வாஷரையும் புதிதாகப் போடுங்கள். முதலில் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டிப் பார்த்து, கசிவில்லை என்று கண்ட பிறகு தேங்காயைப் போடலாம்.

கழற்றிய பழைய கத்தியை அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். மழுங்கினதுதானே என்று தோன்றும். கூடையை வெறுங்கையால் அள்ளுகிறவருக்கு அது போதுமான கூர். பழைய அட்டையில் நான்கு சுற்றுச் சுற்றி, கயிறு கட்டி, மேலே 'கத்தி' என்று பெரிதாக எழுதித் தனியே எடுத்து வையுங்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குப் போடலாம். வராவிட்டால் குப்பை வண்டிக்காரரிடம் இன்னது என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.