சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன்மலைக்கு வளைந்து வளைந்து ஏறுகிற பேருந்தில் பாதிப் பேருக்குக் கண் பெரியார் அருவி மேல். எனக்கோ வெள்ளிமலையின் கடைகள் மேல்! அதுவும் கடையின் முன்பக்கம் இல்லை, பின்கட்டு. மலைச்சரக்குக் கடை என்றால் முன்னால் நாலு தேன் பாட்டில், புளி, சாமை, ஒரு தராசு, அவ்வளவுதான் கண்ணில் படும். தாலுகா ஆபீஸ் வேலையாக வந்தவர் ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பின்னால் தொங்குகிற அந்தச் சாக்குத் திரையை யாரும் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன், கேட்டும் விட்டேன்.

"பேரு போடக் கூடாது, போட்டோவும் வேணாம். சரின்னா உள்ள வாங்க தம்பி" என்றார் கடைக்கார அக்கா. சரி அக்கா, நூறு தடவை சரி!

திரையை விலக்கியதும் முதலில் வாசனைதான் முகத்தில் மோதுகிறது. தேன்மெழுகு, புளி, காய்ந்த கடுக்காயின் துவர்ப்பு மூன்றும் கலந்த ஒரு வாசனை. ஓரத்தில் பெரிய எவர்சில்வர் அண்டா. அதன் வாயில் வெள்ளை வேட்டித் துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. துணி மேல் தேனடைத் துண்டுகள். அடியில் சொட்டு, சொட்டு, சொட்டு. பிழிந்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். "பிழிஞ்சா மெழுகுத் தூளு, புழு எல்லாம் சேர்ந்து எறங்கும். தானா எறங்கட்டும். நமக்கென்ன அவசரம்?" பாறைத் தேனீயின் அடையில் தேன் சேர்கிற தலைப்பகுதியை மட்டும் அறுத்துக் கொண்டுவருகிறவர்களிடம்தான் வாங்குவாராம். குஞ்சு இருக்கிற பகுதியையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வந்தால் வாங்க மாட்டார்.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அறுகோண அறைகளில் பாதி மெழுகு மூடி போட்டவை, மீதி திறந்தவை. "மூடி போட்டதுதான் தேன். தொறந்து கெடக்கிறது இன்னும் தண்ணி." ஒரு வரியில் பாடமே நடத்திவிட்டார்! தேனீக்கள் சிறகால் விசிறி விசிறித் தண்ணீரை வற்றவைத்து, பதம் வந்த பிறகுதான் அறையை மூடும். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மழைக்காலக் காட்டுத்தேன் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் புளிக்கும், நுரைக்கும், மூடியைத் தள்ளும். அப்படி நுரை கட்டிய இரண்டு பாட்டில்களை அக்கா தனியாக ஒரு பலகையில் ஒதுக்கி வைத்திருக்கிறார். அவை விற்பனைக்கு இல்லை.

அடுத்து ருசி பார்க்கும் படலம்! பொந்துத்தேன் மெல்லிய இனிப்பு. கொசுத்தேன் நாக்கில் பட்டதும் சுருக்கென்று ஒரு புளிப்பு, சின்னக் குப்பியில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கடைசியாகக் கருத்த நிறத்தில் ஒன்று: முதலில் இனித்து, தொண்டையில் இறங்கும்போது கசந்தது. திடுக்கிட்டுப் பார்த்தேன். நாவல் பூக்கிற சமயத்துத் தேன் அப்படித்தான் இருக்குமாம். ஒரே மலை, ஒரே ஆண்டு, மாதத்துக்கொரு ருசி. ஆண்டு முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி என்று வருகிற பாட்டிலைப் பார்த்தால் இனி எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எறும்பு மொய்க்கிறதா, தண்ணீரில் விட்டால் அடியில் போய் நிற்கிறதா என்றெல்லாம் வீட்டில் செய்கிற சோதனைகள் எதையும் நிரூபிக்காது. நல்ல தேனும் குளிரில் உறைந்து சர்க்கரை போலக் கட்டும், அது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று. வழக்கமான பரிசோதனைக்கு அகப்படாதபடியே சர்க்கரைப் பாகு தயாராகிறது என்று அந்த மையம் சொன்னது. ஆய்வகமே திணறும் இடத்தில் வாங்குகிறவர் எதை நம்புவது? இந்த அடை எந்தச் சரிவிலிருந்து வந்தது, எந்த வீட்டார் எடுத்தது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லத் தெரிந்த கடைக்காரரை நம்பலாம். அக்கா ஒவ்வொரு டின்னுக்கும் சொன்னார், நோட்டைப் பார்க்காமலே!

அதற்குள் முன்னால் யாரோ தேன் கேட்டு நின்றார்கள். அக்கா முதலில் கேட்ட கேள்வி: "யாருக்கு? கொழந்தைக்கா?" பிறந்து நாலு மாதம் என்றதும் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு வயது முடியும் வரை தேன் நாக்கில் தடவவே கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைப் பாதிக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதை அவர் தன் பேச்சில் பொறுமையாக விளக்கினார். வந்தவர் புளி வாங்கிக்கொண்டு போனார். கைக்கு வந்த வியாபாரத்தை இப்படி விடுகிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை கூடிப்போனது.

அப்புறம் கடுக்காய்! பின்கட்டின் பாதி இடம் அதற்குத்தான். தை தொடங்கி பங்குனி வரை காட்டில் பொறுக்கி, காயவைத்து, இறக்குகிறார்கள். குவியலைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பெண்கள் தரம் பிரிக்கிறார்கள், விரல் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. மஞ்சள் பூத்துக் கெட்டியாக இருப்பது ஒரு பக்கம், கருத்தது ஒரு பக்கம், பூச்சித் துளை விழுந்தது வெளியே. சந்தேகமானால் இரண்டு காய்களைக் காதருகே தட்டுகிறார்கள். 'டக்' என்றால் சரி, 'பொத்' என்றால் ஈரம். நானும் தட்டிப் பார்த்தேன், எனக்கு எல்லாமே 'டக்'தான்!

இந்தக் காய் போகிற இடங்களைக் கேட்டால் தலை சுற்றும். நாட்டு மருந்துக் கடையில் நெல்லிக்காயோடும் தான்றிக்காயோடும் சேர்ந்தால் திரிபலா. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிட. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற கொத்தனார்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தில் ஊற்றக் கடுக்காய்த் தண்ணீர். கலம்காரித் துணியில் சாயம் பிடிக்க, பாலோடு கலந்து துணியை ஊறவைக்க. வெள்ளிமலைச் சாக்குக்குள்ளே எத்தனை தொழில்கள்!

சாமையை மட்டும் அக்கா மொத்தமாக அரைத்து வைப்பதில்லை. தவிடு நீக்காத சாமையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். விற்க விற்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உமி நீக்குகிறார். 2023 உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஊரெல்லாம் பேசியபோது கேட்டு வந்தவர்கள் நிறைய. ஆனால் மலையில் மரவள்ளி நிறைய இடத்தைப் பிடித்துவிட்டது. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால் கையில் காசு வருகிறது, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? சாமை போடுகிறவருக்கும் அதே அளவு காசு கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, இப்படியான கடைகள் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

இந்த மலை, பரம்பரையாக ஆண்ட ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசிடம் வந்ததே 1976இல்தான். காட்டில் சேகரிக்கிற தேனும் கடுக்காயும் சேகரிக்கும் பழங்குடியினருக்கே சொந்தம் என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்கிறது. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பெண்ணான அக்கா வெள்ளிமலையிலேயே தராசு பிடித்து, தன் ஊர்ச் சரக்குக்குத் தானே விலை சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

கீழே இறங்கியும் ஆசை அடங்கவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறை ஒன்றின் பின்பக்கமும் நுழைந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்து மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் கருப்பூர்க் கலம்காரிக்கும் கிடைத்தது, கடுக்காயில் ஊறுகிற அதே துணிக்கு! பின்பக்கம் முழுக்க வாகை, வேம்பு, மாவிலங்கம் என்று கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் வாங்கிய மாதம் சாக்கட்டியால் எழுதியிருக்கிறது. "மரத்தோட நடுக்குருத்து சிலைக்குள்ள மாட்டுச்சுன்னா, காய்ஞ்சதும் வெடிக்கும்" என்று கட்டையின் வட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினார் பெரியவர். ஒரு வாகைக் கட்டையில் வெளிர்ப் பகுதியும் கருத்த பகுதியும் சேருகிற இடம் பிள்ளையாரின் தும்பிக்கையில் விழும்படி பென்சிலால் குறித்திருந்தார். கொட்டாப்புளி விழ விழ, அந்த இரண்டு நிறமும் சேருகிற கோடு நகர்ந்து நகர்ந்து சரியாக அங்கே வந்து நின்றதே!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடுக்காய் குவியும் நேரம், கொட்டைப்புளி உடைக்கும் நேரம் பார்க்க வேண்டுமென்றால் மாசியில் போங்கள், புதுச் சாமைக்கு ஐப்பசி, கார்த்திகை. பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் "இது எந்தப் பக்கத்துத் தேன்க்கா?" என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே அவர் திரையை விலக்கினால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உடனே உள்ளே நுழைந்துவிடுங்கள்!