பாலத்தின் இரண்டு கரையும் தெரியும் அறை

வட்டுவாகல் பழைய பாலத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் விலக முடியாது. ஒன்று ஏறிவிட்டால் மற்றது கரையில் நின்றாக வேண்டும். 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. ஆனாலும் போக்குவரத்து முகாமைத்துவ நிலையம் எதற்கு என்று விளங்கப்படுத்த அந்தப் பழைய பாலத்தைவிடத் தோதான இடம் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் நிற்கும் சாரதிக்கு, அந்தக் கரையில் எத்தனை வாகனம் எவ்வளவு நேரமாகக் காத்து நிற்கிறது என்று தெரியாது. இரண்டு கரையையும் ஒருசேரப் பார்க்கிற ஒருவர், இரண்டு பக்கத்துக்கும் ‘நில்’, ‘போ’ சொல்லவும் முடிந்தவராக இருந்தால் காத்திருப்பு குறையும். நகரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான சந்திகள். அவற்றை ஓர் அறையிலிருந்து பார்ப்பதும் நடத்துவதுமே அந்த நிலையத்தின் வேலை.

இந்த வேலையைக் கணினியிடம் முதலில் கொடுத்த நகரம், நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ. ஆண்டு 1963. கணினி முடிவெடுக்க, சந்திக்கு வரும் வாகனங்களை எண்ண வேண்டும். அதற்கு இன்றும் பல நாடுகளில் பரவலாக உள்ள முறை இது: தார் வீதியை மெல்லிய கோடாக வெட்டி, உள்ளே கம்பிச் சுருளைப் புதைத்து மூடிவிடுவார்கள். சுருளில் சிறிதளவு மின்னோட்டம் ஓடியபடி இருக்கும். வாகனம் மேலே வந்ததும் அதன் உலோகம் சுருளின் தூண்டலை மாற்ற, வீதியோரத்துப் பெட்டி ‘ஒன்று’ என்று கணக்கு வைத்துக்கொள்ளும். உலோகம் இல்லாதது அதற்குத் தெரியாது. இரவில் ஒட்டுசுட்டான் வீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகள் அத்தனையும் அந்தக் கணக்கில் பூச்சியம். வன்னிக்குக் கமராதான் சரிவரும்.

இத்தகைய நிலையங்களில் சில, பெரிய கூட்டம் வரப்போகிறது என்ற பயத்தில் பிறந்தவை. 1984 ஒலிம்பிக் விளையாட்டுக்காக லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் மைதானத்தைச் சுற்றியிருந்த 118 சந்திகளை ஒரே அறையில் இணைத்தது. விளையாட்டு முடிந்தும் அறை மூடப்படவில்லை. 2013இல் நகரத்தின் ஏறத்தாழ 4,400 சமிக்ஞை விளக்குகளும் அதன் கைக்குள் வந்துவிட்டன. ரியோ டி ஜெனீரோவுக்குப் பாடம் சொன்னது மழை. 2010 ஏப்ரல் வெள்ளமும் மண்சரிவும் பலரைக் கொன்றபின், போக்குவரத்து, வானிலை, மின்சாரம், அவசர சேவை ஆகியவற்றின் ஆட்களை ஒரே மண்டபத்தில் இருத்தி அந்த ஆண்டின் கடைசி நாளில் நிலையத்தைத் திறந்தார்கள்.

நமக்கு அப்படியொரு நாள் வைகாசிப் பொங்கல். ஞாயிறு முள்ளியவளை காட்டு விநாயகர், மறுநாள் வற்றாப்பளை கண்ணகி அம்மன். மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் வருபவை எல்லாம் முள்ளியவளைக்குள்ளால்தான் வரும். கால்நடையாக வருவோர், உழவு இயந்திரத்தில் ஊர்ந்து வரும் தூக்குக் காவடி, பின்னால் பொறுமையிழந்த வான்கள், இடையில் அம்புலன்ஸ்.

நிலையம் என்றதும் சுவர் நிறைந்த திரைதான் எல்லோர் கண்ணிலும் படும். திறப்பு விழாப் படத்துக்கு அது நல்லது. கட்டுப்பாட்டு அறைகளுக்கான ஐஎஸ்ஓ 11064 தரநிலை வேறு இடத்தில் தொடங்குகிறது: அங்கே யார் என்ன வேலை செய்யப்போகிறார், எதைப் பார்த்து, யாரிடம் பேசி முடிவெடுப்பார் என்று முதலில் எழுத வேண்டும். மேசை, கதிரை, சுவர் எல்லாம் அதன் பிறகு. திரையின் கீழ் விளிம்பு, முன்வரிசையில் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பின்வரிசைக்குத் தெரிய வேண்டும். மேற்பார்வையாளரின் வரிசையைச் சற்று உயர்த்த வேண்டும். யன்னல் வெளிச்சம் திரையில் விழக்கூடாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை பற்றரி தாங்க வேண்டும். தொடர்பு வடங்கள் இரண்டு வெவ்வேறு வீதிகளால் வர வேண்டும். ஒரே கிடங்கில் இரண்டையும் போட்டால் ஒரு பெக்கோ இரண்டையும் அறுத்துவிடும். கணினிகளை நிலமட்டத்தில் வைக்கக்கூடாது என்பதை 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முல்லைத்தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் கூடிப் பேச, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தனி அறை வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். இரவு முறைக்காரருக்குத் தேநீர் போட ஓர் இடமும் மலசலகூடமும் வரைபடத்தில் கடைசியாக நினைவுக்கு வருபவை, முதல் வாரத்திலேயே தேவைப்படுபவை.

பொங்கலுக்கு ஒரு நாள் நிலையம் போடுவதானால் நான் அதை வற்றாப்பளைக் கோயில் வளவுக்குள் வைக்கமாட்டேன். அங்கே ஒலிபெருக்கிச் சத்தத்தில் தொலைபேசி கேட்காது. அங்கே நெரிசல் தெரியும்போது பஸ்கள் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். முள்ளியவளைப் பக்கமாக, வாகனத்தை மறித்துத் திருப்ப இன்னும் இடமிருக்கும் இடத்தில், பாடசாலை மண்டபம் ஒன்று போதும். கூட்டம் கூடினால் கைத்தொலைபேசி வலையமைப்பு நெருக்கடிப்படும், ஆகவே வோக்கிடோக்கி. பொலிஸ், இ.போ.ச., பிரதேச சபை, ‘1990’ அம்புலன்ஸ் சேவை, ஆலய நிர்வாகம் என ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஒருவர். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாமல் அங்கேயே முடிவு சொல்லக்கூடியவர். தரிப்பிடம் எத்தனை மணிக்கு நிறைந்தது, எந்தச் சந்தி எப்போது அடைபட்டது, அம்புலன்ஸ் எந்த வழியால் வெளியேறியது என்று ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வைகாசிக்கு முன் கச்சேரியில் கூடும் ஏற்பாட்டுக் கூட்டத்தை அந்தக் கொப்பியோடு தொடங்கலாம்.