பழைய ஆவணத்தில் எழுதாததும் ‘ஏற்கெனவே இருந்தது’ ஆகுமா? காப்புரிமை வழக்குகள் சொல்வது என்ன?

தேவாரம், போடி பக்கத்து ஏலக்காய் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம்தான்: காயை மிதமான சூட்டில் காயவைத்தால் பச்சை நிறம் தங்கும். நாளைக்கே ஒரு நிறுவனம், ‘இந்தச் சூட்டில் காயவைத்தால் காய்க்குள் இன்ன வேதிப்பொருள் நிற்கிறது, இது எங்கள் கண்டுபிடிப்பு’ என்று காப்புரிமை கேட்டால்? பழைய புத்தகம் எதிலும் அந்தப் பொருளின் பெயரே இல்லை. அப்போ அது புதுசா?

விதி என்ன?

பழைய முறையைச் செய்தாலே ஒவ்வொரு தடவையும் அது தானாக வரும் என்றால், அது உள்ளார்ந்து இருந்ததாகவே கருதப்படும். யாரும் கவனிக்கவில்லை என்பது பதில் ஆகாது. ஆனால் ‘வரலாம்’ என்பது போதாது; ‘வந்தே தீரும்’ என்று காட்ட வேண்டும்.

யார் நிரூபிப்பது?

அமெரிக்க நடைமுறையில், முதலில் பரிசோதகர் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், ‘அப்படி வராது’ என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருக்குப் போகும்.

சென்னையில் நடந்தது

ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு 1998-ல் நோவார்டிஸ் சென்னையில் விண்ணப்பித்தது. அப்போது மாத்திரைக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் மாத்திரையோ 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. ‘பழைய ஸிம்மர்மேன் காப்புரிமையிலேயே இந்த உப்பு அடக்கம், உப்பு தயாரித்தால் பீட்டா வடிவம் தானாக வரும்’ என்றார்கள் எதிர்த்தவர்கள். 2006-ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

2009-ல் மேல்முறையீட்டு வாரியம் வேறு மாதிரி சொன்னது: பொருள் புதியதுதான், ஆனால் 3(டி) பிரிவு தடுக்கிறது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம், உப்பு ஏற்கெனவே தெரிந்த பொருளே என்றது. அதற்குச் சாட்சி நிறுவனத்தின் சொந்தக் காகிதங்கள்: அமெரிக்காவில் பழைய காப்புரிமைக்குக் கால நீட்டிப்பு கேட்டபோது இதே மருந்தைக் காட்டியிருந்தது, பிரிட்டனில் நாட்கோவுக்கு அனுப்பிய நோட்டீஸும் அதே காப்புரிமையைத்தான் சொன்னது. பீட்டா வடிவத்துக்கு, கூடுதல் நோய் தீர்க்கும் திறன் காட்டப்படவில்லை என 3(டி)-யின் கீழ் உரிமை மறுக்கப்பட்டது.

விவசாயிக்கு என்ன பயன்?

‘எங்க தாத்தா காலத்திலேயே உண்டு’ என்ற வாய்மொழியை விட, தேதியிட்ட குறிப்பும், பழைய முறையை அப்படியே திரும்பச் செய்து எடுத்த ஆய்வக முடிவும்தான் இப்படிப்பட்ட வழக்கில் அதிகம் எடுபடும்.